ஆளுயரப்பூவுக்கு ஓர் ஆள்

சொந்தமண்காரர் என்று ஓர் இனம் உண்டு. செடி வளர்ப்பவர்களில் இவர் தனி ரகம். மற்றவர்கள் ரோஜா வைப்பார்கள், அது பூக்கும், பார்ப்பார்கள், மறந்துபோவார்கள். சொந்தமண்காரர் அப்படிப்பட்ட அற்ப சுகங்களுக்கு ஆசைப்படாதவர். இந்த மண்ணிலேயே தானாக முளைத்து, தானாக வளர்ந்து, ரோட்டோரத்தில் யாரும் சீண்டாமல் நின்றுகொண்டிருந்த ஏதோ ஒரு காட்டுச்செடியைத் தேடிப் பிடித்து, அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, தானாக வளரும் அந்தச் செடியை வளர்ப்பதையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர். தானாக வளர்வதை எதற்கு ஐயா வளர்க்க வேண்டும்? கேட்டுப் பாருங்கள். ஆனால் அன்றைக்கு உங்களுக்கு வேறு வேலை இருக்கக் கூடாது.

இந்த இனத்தில் ஒருவரை நான் முதன்முதலாகச் சந்தித்தது, வேலை கிடைத்து நகரத்துக்கு வந்து அறை தேடி அலைந்தபோதுதான். எங்கள் குடும்பத்தில், ஏன், எங்கள் தெருவிலேயே நான்தான் முதல் பட்டதாரி. வணிகவியல். முதல் வகுப்பு. சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, உறையைக் கோப்பில் போட்டு, கோப்பைப் பையில் போட்டு, டீக்கடைக்குப் போனாலும் தோளில் மாட்டிக்கொண்டுதான் போவேன். யாராவது கேட்டுவிட்டால்?

ஒரு வரிசை வீடுகளின் கடைசி வீட்டில் 'அறை வாடகைக்கு' என்று அட்டை தொங்கியது. கதவைத் திறந்தவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். குடியிருப்பு முழுக்க அவரைக் கண்ணாடிக்காரர் என்றுதான் சொல்வார்கள் என்பது பிறகு தெரிந்தது. நான் பையின் ஜிப்பைத் திறந்தேன்.

"சார், நான் பட்டதாரி. முதல் வகு..."

அவர் என் முகத்தையே பார்க்கவில்லை. என் தலைக்கு மேலே, காற்றில், எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, கொஞ்சம் நிமிர்ந்து நில்லு."

நின்றேன்.

"செருப்பைக் கழட்டு."

கழற்றினேன். அவர் முகம் மலர்ந்தது. உள்ளே திரும்பிக் கத்தினார்: "ஏம்மா, சீக்கிரம் வா! ஆள் கிடைச்சிட்டான்!"

அவர் மனைவி ஈரக் கையைத் துடைத்தபடி வந்தார். கீழிருந்து மேலாக என்னை ஒரு முறை பார்த்தார். "பாவம்" என்றார். உள்ளே போய்விட்டார்.

"சார், சர்டிபிகேட்டு..."

"அதை உள்ள வை, கசங்கிடப் போகுது. எப்ப குடி வர்ற?"

எவ்வளவு சம்பளம், எந்த ஊர், சமையல் உண்டா, சத்தம் போடுவாயா என்று ஒரு கேள்வி இல்லை. இப்படி ஒரு வீட்டுக்காரரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. படித்தவன் என்பது முகத்திலேயே தெரிகிறது போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

விஷயம் வேறு. அந்த வரிசை வீடுகளுக்கு முன்னால் பொதுவாக ஒரு தோட்டம். தோட்டத்து வாசலில் ஒரு தகரப் பலகை. அதில் குடியிருப்போர் சங்கத்தின் விதி: 'இத்தோட்டத்தில் ஆளுயரத்துக்கு மேல் எதையும் வளர்க்கக் கூடாது.' அந்தத் தோட்டத்தின் நட்டநடுவில்தான் கண்ணாடிக்காரரின் செடி இருந்தது. செடியின் பெயர் ஆளுயரப்பூ. பெயரைக் கேட்டால் விதிக்குப் பயந்து, அடக்க ஒடுக்கமாக, ஆளுயரத்தோடு நின்றுவிடும் செடி என்று தோன்றும். அதுதான் இல்லை. ஆளுயரம் வரைக்கும் அது வெறும் தண்டும் இலையும். ஆளுயரத்தைத் தாண்டிய பிறகுதான் உச்சியில் ஒரு கொத்துப் பூக்கும். கோடையில் காய்ந்து மண்ணோடு மண்ணாகிவிடும். மழை வந்ததும் அதே வேரிலிருந்து மறுபடி எழும்பும். இப்படி வருஷாவருஷம்.

வருஷாவருஷம் அது ஆளுயரத்தைத் தொடும் அன்றைக்குச் சங்கச் செயலாளர் கத்தரியோடு வந்து தலையைக் கிள்ளிவிடுவார். ஆள் என்றால் யார் என்று பலகையில் இல்லை. ஆனால் பலகையை எழுதியவர் செயலாளர். எனவே ஆள் என்றால் அவர்தான். அவரோ கண்ணாடிக்காரரின் காது வரைக்கும்தான் வருவார். கண்ணாடிக்காரரோ என் தோள் வரைக்கும்தான் வருவார். தொழிலில் செயலாளர் தையல்காரர். தோட்டத்துக்குப் பின்னால் இருக்கும் முதல் வீட்டின் முன்னறைதான் அவர் கடை. செடி வளர்ந்தால் கடையின் பெயர்ப்பலகை ரோட்டுக்குத் தெரியாது. பலகை தெரியாவிட்டால் துணி வராது. அவருக்கும் வயிறு இருக்கிறது அல்லவா?

ஆக, கண்ணாடிக்காரர் தன் செடி பூத்து ஒரு நாளும் பார்த்ததில்லை. ஊருக்கெல்லாம் பார்வை கொடுத்தவர் பார்க்காத ஒரே பொருள் அதுதான். ஆனால் சொந்தமண்காரர் ஒரு பூவைப் பற்றிப் பேசுவதற்கு அதைப் பார்த்திருக்க வேண்டும் என்று யார் சொன்னது? "அந்த நிறம் இருக்கு பாரு தம்பி, அதுக்குப் பேரே இன்னும் வைக்கலை" என்பார். "அந்த மணத்துக்கு எங்கிருந்தோ வண்டு வரும். வேற பூவை ஏறெடுத்துப் பாக்காத வண்டு." கடையில் கண் பரிசோதனைக்கு வந்தவர் எழுத்தை வாசித்துக்கொண்டிருக்கும்போதே இடையில் இவர் பூவுக்குள் புகுந்துவிடுவார். வந்தவர் எழுத்தையும் படிக்க முடியாமல், எழுந்து போகவும் முடியாமல், தலையை இயந்திரத்தில் மாட்டியபடி உட்கார்ந்திருப்பார். அந்தக் கடையில் போட்ட கண்ணாடி எதுவும் யாருக்கும் சரியாகப் பொருந்தாததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

"இவர் சொல்ற பூவைக் கல்யாணம் ஆன நாள்லேர்ந்து கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்பார் அவர் மனைவி. "கேட்டுக் கேட்டு எனக்குத் தும்மலே வந்துடுச்சு. பூவைத்தான் காணோம்."

வளர்ப்பு முறையைச் சொல்ல வேண்டாமா? தண்ணீர் ஊற்றக் கூடாது. "சொந்த மண்ணுல இருக்கிறவனுக்குத் தண்ணி மொண்டு ஊத்தினா அவமானம் தம்பி. அவனே தேடிக் குடிச்சுக்குவான்." உரம் போடக் கூடாது, ருசி கண்டுவிடும். களை எடுக்கக் கூடாது. அவையெல்லாம் அதன் சொந்தக்காரர்கள். தொடக் கூடாது, கூச்சப்படும். ஆக மொத்தம் வளர்ப்பது என்றால் ஒன்றும் செய்யாமல் இருப்பது. இந்த ஒன்றும் செய்யாமலிருக்கும் வேலைக்கு அவருக்கு நாள் போதவில்லை. குடியிருப்பில் இரக்க குணமுள்ள யாராவது ஒரு குவளைத் தண்ணீரோடு தோட்டத்துக்குள் வந்துவிடுவார்களோ என்று கடையைச் சாத்திவிட்டு ஓடிவந்து காவல் நிற்பார். வெயில் கொளுத்தினால் குடை பிடிப்பார். அவருக்கு அல்ல.

செடி காய்ந்து மறைந்துபோகும் மாதங்களிலும் விருந்தாளிகளுக்கு விடுதலை கிடையாது. தோட்டத்துக்கு அழைத்துப் போய் வெறும் தரையைச் சுட்டிக் காட்டுவார்.

"பாருங்க."

விருந்தாளி மண்ணைப் பார்ப்பார்.

"மேல ஒண்ணும் தெரியாது. எல்லாம் கீழ நடக்குது."

விருந்தாளி மறுபடியும் மண்ணைப் பார்த்துவிட்டு, "ஆமாமா, தெரியுது" என்பார். இந்த உலகத்தில் மரியாதை என்பது வேறு என்ன?

எனக்கு மரியாதை தெரியாது. குடிவந்த புதிதில், "சார், எங்க ஊர்ல இது வரப்போரமா முளைக்கும். பூத்தா விதை விழும்னு அதுக்கு முன்னாடியே பிடுங்கிடுவோம். ஆடுகூட திரும்பிப் பாக்காது" என்று சொல்லிவிட்டேன். அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "ஆடு பாக்காதுல்ல? அதான் கம்பீரம்."

மழை வந்தது. செடி எழும்பியது. செயலாளர் அளவுநாடாவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கத்தரியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, செடிக்குப் பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். செடியின் நுனி அவர் உச்சந்தலைக்குக் கொஞ்சம் மேலே ஆடியது. கத்தரியைத் தூக்கினார்.

"நிறுத்துய்யா!" என்றார் கண்ணாடிக்காரர். "ஆளை வச்சு அள."

"ஆள்னா நான்தான். இத்தனை வருஷமா நான்தான்."

"போர்டுல 'ஆளுயரம்'னுதான் இருக்கு. 'தையல்காரர் உயரம்'னா எழுதியிருக்க? எங்க வீட்லயும் ஒரு ஆள் இருக்கான். தம்பி, வா!"

அப்போதுதான் எனக்கு அறை எதற்குக் கிடைத்தது என்று புரிந்தது. பல் துலக்கிக்கொண்டிருந்தவன் அப்படியே போய்ச் செடிக்குப் பக்கத்தில் நின்றேன். என் இடுப்புக்குக் கொஞ்சம் மேலேதான் இருந்தது என்று சொன்னால் பொய். என் தோள் வரை வந்தது. ஆனாலும் கீழேதான்.

"இவன் ஆளே இல்லை, ஒட்டடைக்கம்பு!" என்றார் செயலாளர்.

"ஒட்டடைக்கம்பு வாடகை குடுக்குமாய்யா?"

செயலாளர் வேறு வழியில்லாமல் நாடாவை எடுத்து என்னை அளந்தார். கால் முதல் தலை வரை அளந்து முடித்ததும் பழக்க தோஷத்தில், "அரைக்கையா, முழுக்கையா?" என்று கேட்டுவிட்டார். பிறகு சுதாரித்துக்கொண்டு முடிக்குப் போனார். ஆளுயரம் என்றால் முடியோடா, முடியில்லாமலா? முடி வெட்டினால் ஆள் குறைகிறான். அப்படியானால் முடி ஆள் அல்ல என்பது அவர் கட்சி. முடி ஆளிடமிருந்துதான் முளைக்கிறது. செடியின் நுனியைச் செடி என்று கணக்கில் எடுத்தால் ஆளின் நுனியையும் எடுக்க வேண்டும் என்பது கண்ணாடிக்காரர் கட்சி. குரல் ஏறியது. வீடுகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்தார்கள்.

"முடி இல்லாதவங்க ரெண்டு பேர் முடிக்குச் சண்டை போடறதை இப்பத்தான் பாக்கறேன்" என்றார் கண்ணாடிக்காரர் மனைவி. அத்தோடு அன்றைய கூட்டம் கலைந்தது. முடி கணக்கில் சேர்ந்தது.

அன்றிலிருந்து நான் பட்டதாரி இல்லை. ஆள். குழந்தைகள்கூட 'ஆள் மாமா' என்று கூப்பிட்டன. முடிவெட்டிக்கொள்ள எனக்கு உரிமை போயிற்று. கைபேசியைக் குனிந்து பார்த்தால் எங்கிருந்தோ குரல் வரும்: "தம்பி, கழுத்து! உன் கழுத்து வளைஞ்சா பூ போச்சு!" ராத்திரி சாப்பாட்டோடு ஒரு முட்டை அதிகம் வரும்.

"படிச்சு முடிச்ச பையன் இனிமே எங்கங்க வளரப் போறான்?" என்று கண்ணாடிக்காரர் மனைவி கேட்டார். அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

"முதுகெலும்பு கொஞ்சம் நீளும்ல?"

ஊரிலிருந்து அம்மா போன் பண்ணி, "அங்க உனக்கு மரியாதை எல்லாம் சரியா இருக்காப்பா?" என்று கேட்டது. "என்னை வச்சுத்தாம்மா இங்க எல்லாத்தையும் அளக்கறாங்க" என்றேன். அம்மாவுக்குத் தாங்க முடியாத சந்தோஷம். இதில் பொய் எங்கே இருக்கிறது?

ஆனால் செடிக்கு முட்டை தேவைப்படவில்லை. அது பாட்டுக்கு வளர்ந்து, என் மூக்கைக் கடந்து, நெற்றியைக் கடந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முடியோடு சேர்த்து என்னையும் கடந்துவிட்டது. உச்சியில் பச்சைக் குமிழ் ஒன்று, கெட்டியாக மூடிக்கொண்டிருந்தது. செயலாளர் சிரித்துக்கொண்டே கத்தரியோடு வந்தார். கண்ணாடிக்காரர் செடிக்கு முன்னால் கைகளை விரித்துக்கொண்டு நின்றார். அத்தனை வருஷத்தில் அந்தக் குமிழ் வரைக்கும் அது வந்ததே இல்லை.

எனக்கு என்ன தோன்றியதோ, சொன்னேன்: "சார், எங்க ஊர்ல கிணத்துல ஒரு ஆள் தண்ணின்னா, கையைத் தூக்கிக்கிட்டு நிக்கிற ஆளைத்தான் கணக்கு."

சொல்லிவிட்டுக் கையையும் தூக்கினேன். குமிழ் என் முழங்கை வரைக்கும்தான் வந்தது.

செயலாளர் என்னை முறைத்தார். "இது என்ன கிணறா?"

"கிணறுதான்யா!" என்று துள்ளினார் கண்ணாடிக்காரர். "மேல எவ்வளவு இருக்கோ அவ்வளவு வேர் கீழ இருக்கு. தலைகீழா நிக்கிற கிணறு!"

இதற்கு எந்தச் சங்கத்தின் விதியில் பதில் இருக்கிறது? செயலாளர் கொஞ்ச நேரம் பலகையைப் பார்த்தார். என் அக்குளைப் பார்த்தார். கத்தரியை இடுப்பில் செருகினார்.

"சரி. பூக்கிற வரைக்கும் விடறேன். இத்தனை வருஷமா இந்தாளு சொல்ற அந்தப் பூவை நானும் பாத்துடறேன். ஆனா ஒண்ணு. பூத்த அன்னிக்கே வெட்டுவேன், வேரோட. அப்புறம் இங்க செடின்னு ஒண்ணு வரக் கூடாது. சம்மதமா?"

கண்ணாடிக்காரர் குமிழை அண்ணாந்து பார்த்தார். "சம்மதம்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் கடை திறக்கவே இல்லை. பூக்க வேண்டும் என்று ஒரு வேளை, பூக்கக் கூடாது என்று ஒரு வேளை, அவரே இரண்டு கட்சியாகிச் செடியைச் சுற்றி நடந்தார். குடியிருப்பே அண்ணாந்து நடந்தது. வேலைக்குப் போகிறவர்கள் போகிறபோக்கில், "ஆள், என்ன நிலவரம்?" என்று கேட்பார்கள். நான் எம்பிப் பார்த்து அறிக்கை கொடுப்பேன்.

ஒரு காலையில் எம்பினேன். குமிழ் விரிந்திருந்தது.

"சார்!"

எல்லோரும் வந்துவிட்டார்கள். கண்ணாடிக்காரர் கீழே நின்று, கழுத்தை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்: "சொல்லு தம்பி. எப்படி இருக்கு?"

"சின்னதா இருக்கு சார். சட்டை பட்டன் அளவு."

"பாத்தீங்களா, ஆடம்பரமே கிடையாது! நிறம்?"

"ஒரு மாதிரி... துணி அலசின தண்ணி மாதிரி."

"கண்ணை உறுத்தாது! மணம்?"

"ஒண்ணும் இல்லை சார்."

"தேவையில்லாம மணக்காது! வண்டு?"

"ஒரு எறும்பு இருக்கு. திரும்பிப் போயிட்டு இருக்கு."

அக்கா சமையலறையிலிருந்து ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். "போதும், ஆளைக் கேட்டது. நீங்களே ஏறிப் பாருங்க. நான் பிடிச்சுக்கறேன்."

கண்ணாடிக்காரர் ஏறினார். தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். பார்த்தார். அவ்வளவு நேரம் ஒரு மனிதர் ஒரு பொருளைப் பார்த்து நான் பார்த்ததில்லை. அக்கா ஸ்டூலை விட்டுவிட்டு அவர் காலைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு அவர் இறங்கினார்.

"மொட்டு நல்லா இருக்கு" என்றார்.

"என்னது?" என்றார் செயலாளர்.

"மொட்டு. பூ இன்னும் விரியலை."

செயலாளர் அவரைத் தள்ளிவிட்டு ஸ்டூலில் ஏறினார். கண்ணைச் சுருக்கினார், விரித்தார், கண்ணாடியை முன்னால் இழுத்தார், பின்னால் தள்ளினார். அந்த நேரம் பார்த்து ஒரு காற்று வந்தது. துணி அலசின தண்ணீர் நிறத்தில் ஓர் இதழ் கழன்று வந்து அவர் கழுத்து நாடாவில் ஒட்டியது. அதை எடுத்துப் பார்த்தார்.

"இது என்னய்யா?"

"மொட்டோட தோல்" என்றார் கண்ணாடிக்காரர். "உரியுது."

செயலாளர் இன்னொரு முறை மேலே பார்த்தார். அவர் மூக்கில் இருந்தது கண்ணாடிக்காரர் கடையில் போட்ட கண்ணாடி. கடைசியில் ஆற்றாமையோடு சொன்னார்: "இந்தாளு போட்ட கண்ணாடில எனக்கு எல்லாமே மொட்டாத்தான் தெரியுது." பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, உன் கண்ணு நல்ல கண்ணு. அதோட நீ பட்டம் வாங்கினவன். படிச்சவன் பொய் சொல்லக் கூடாது. சொல்லு. இது பூவா, மொட்டா?"

அந்தக் குடியிருப்பில் என் படிப்பைப் பற்றி ஒருவர் வாய்திறந்து கேட்டது அதுதான் முதல் முறை. என் சான்றிதழ் அறையில் பையில் இருந்தது. வணிகவியலில் வரவு உண்டு, செலவு உண்டு, பூவைப் பற்றி ஒரு பாடமும் இல்லை. கண்ணாடிக்காரர் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே ஏதாவது நடக்கிறதா என்று பார்ப்பவர் போல.

எம்பினேன். நன்றாகப் பார்த்தேன். இறங்கினேன்.

"மொட்டு சார்" என்றேன். "முதல் நிலை மொட்டு."

செயலாளர் கத்தரியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். படித்தவன் சொன்ன பிறகு என்ன செய்வது?

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் சிரித்துக்கொண்டே உங்கள் வீட்டை ஒரு சுற்றுப் பாருங்கள். கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் அந்த மாடி, உறை பிரிக்காத ஆர்மோனியம், மூன்றாம் பக்கத்தில் நிற்கும் உங்கள் நாவல், 'அவன் மூளைக்காரன், இன்னும் உட்கார்ந்து படிக்க ஆரம்பிக்கலை, அவ்வளவுதான்' என்று நீங்கள் விருந்தாளிகளிடம் சொல்லும் உங்கள் மகன். அவர்களும் பார்த்துவிட்டு, "ஆமாமா, தெரியுது" என்றுதானே சொல்லிவிட்டுப் போகிறார்கள்? அதெல்லாம் பூத்து உதிர்ந்துவிட்டதா, இன்னும் மொட்டா என்று நான் கேட்க மாட்டேன். என்னைச் சான்று சொல்லக் கூப்பிட்டால் மட்டும் வருவேன். பட்டம் இருக்கிறது.

எனக்கு வேறு ஊருக்கு மாற்றல் ஆகிவிட்டது. அந்த அறையில் இப்போது என்னைவிட உயரமான ஒருவர் குடியிருக்கிறார். அவர் என்ன படித்திருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. செயலாளரின் கடைக்கு 'நெட்டைச் செடிக்குப் பின்னால இருக்கிற தையல் கடை' என்று கேட்டுக்கொண்டு ஆட்கள் வருகிறார்கள். ஆளில்லாத நேரத்தில் அவரே செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதாகக் கேள்வி. கண்ணாடிக்காரர் கடையைத் திறந்து வைத்திருக்கிறார். செடி அதே இடத்தில் நிற்கிறது. மொட்டு விட்டிருக்கிறது.